அஞ்சுவது யார்?

நாடகத்தைக் கண்டு நாடாள்வோர் அஞ்சுவது ஏன்? நடிகனிடம் படை இல்லை, பணம் இல்லை. பலகை மேடையும் பூசிய முகமும் நாலு சொல்லுமே அவன் உடைமை. எனினும் அஞ்சினர்!

அந்நியர் அஞ்சியதில் வியப்பில்லை. 1876ஆம் ஆண்டிலேயே நாடகத்தைத் தடுக்கச் சட்டம் இயற்றினர் வெள்ளையர். மக்கள் பெயரால் ஆள வந்தோரும் அஞ்சினரே, அதுதான் சிந்தனைக்குரியது.

சோவியத்து நாட்டைப் பாருங்கள். புரட்சியை வாழ்த்தி வரவேற்றவர் இயக்குநர் மெயர்கோல்ட். அவருடைய அரங்கு 1938இல் மூடப்பட்டது. 1940இல் அவரே சுட்டுக் கொல்லப்பட்டார். 1964 முதல் மாஸ்கோவில் தாகன்கா அரங்கை நடத்தியவர் யூரி லியூபிமோவ். அவர் உருவாக்கிய 'போரிஸ் கோதுனோவ்' நாடகத்துக்கு 1982இல் தடை. 1984இல் அவருடைய குடியுரிமையே பறிப்பு. உழைப்பாளர் அரசென்று முழங்கிய அரசு, உழைப்பாளர் காணும் நாடகத்துக்கு அஞ்சியது!

தொலைநாட்டுக் கதையென்று தள்ளலாமா? நடிகவேள் எம்.ஆர். ராதாவின் இராமாயண நாடகம் எதிர்ப்பைக் கிளப்பிய 1954இல், விடுதலை பெற்ற நம் மாநிலத்திலேயே நாடகச் சட்டம் பிறந்தது. ஆட்சிகள் மாறின. அன்று தடையை எதிர்த்தவர்களும் அரியணை ஏறினர். சட்டமோ நீடித்தது. இயக்குநர் ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல்தான் அதன் தடைப் பிரிவுகள் செல்லாவென்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

"கட்டுப்பாடின்றேல் பொய்யும் இழிவும் மேடையேறாவோ?" என்பர். ஏறும். மறுக்க நமக்கு நாவுண்டு, எழுதுகோலுண்டு, வேறு மேடையுமுண்டு. சேலம், நாமக்கல் சிற்றூர்களில் விடிய விடியத் தெருக்கூத்துக் கண்டவர் நம் மக்கள். கட்டியங்காரன் அரசனையே எள்ளும்போது, எது கேலி, எது உண்மையெனப் பிரித்தறிந்தவர். அவர்கள் காணுமுன்பே மறைப்பது, அவர்களுக்கு அறிவில்லையெனத் தீர்ப்பளிப்பதன்றோ?

பிறரைச் சொல்வானேன்? நாமக்கல்லை அடுத்த பள்ளியொன்றில் ஆசிரியப் பணி செய்கிறோம். ஆண்டு விழாவுக்கு மாணவி ஒருத்தி எழுதிய நாடகத்தில், குழாயில் நீர் வராததைச் சொல்லி ஊர்ப் பெரியவரை நகைக்கும் வரி ஒன்றிருந்தது. முன்வரிசையில் அவர் அமர்வாரே என்று சிவப்பு மையால் அடித்துவிட்டோம். எவரும் ஆணையிடவில்லை, அச்சமே ஆணையிட்டது.

"அந்த வரி பொய்யா, ஐயா?" என்று கேட்டாள். விடையின்றி நின்றோம்.

மாஸ்கோவைப் பழிக்கும் தகுதி நமக்கு எப்போது வரும்? நம்மை நகைக்கும் நாடகத்துக்கும் நாம் மேடை விடும்போதுதான். அடித்த வரியை நம் கையாலேயே மீண்டும் எழுதிக் கொடுத்தோம். விழா நாளில் அவள் அதைப் பேசுவாள். பெரியவர் சினந்தால், விடை சொல்ல நாமும் அங்கிருப்போம்.