புகை போகும் மூட்டு

ஆயில் எஞ்சின் கிணற்றுக்குள் இறங்கியதற்குக் காரணம் இயற்பியல். மேலே நிற்கும் பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. காற்றின் அழுத்தம்தான் தண்ணீரைத் தள்ளி ஏற்றுகிறது. 1640களில் டாரிசெல்லி விளக்கியது இதைத்தான். கணக்குப்படி சுமார் 10 மீட்டர், நடைமுறையில் 7, 8 மீட்டர்தான் ஏறும். எங்க அன்னூர்ப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் அதற்கும் கீழே போனபோது எஞ்சினும் பின்னாலேயே இறங்கியது. புகைக்குழாய் மட்டும் மேலே நீண்டது. 1990இல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமானது. ஆனாலும் கரண்டு இல்லாத இடத்தில் தூர் வார, டீசல் எஞ்சின்தான் இறங்குகிறது.

அதில் தண்ணீர் போகும் மூட்டு ஒன்று, புகை போகும் மூட்டு ஒன்று. தண்ணீர் மூட்டு ஒழுகினால் அப்பவே பழைய ட்யூபைக் கிழித்து இறுக்கிச் சுற்றிவிடுவோம். புகை மூட்டில் அந்த ட்யூப் பொசுங்கிப்போகும். எஞ்சினை ஆறவிட்டு, போல்ட் கழற்றி, கரியைச் சுரண்டி, புதுப் பேக்கிங் வைத்து, எதிரெதிர் போல்ட்டை மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். வேலை நின்றுபோகும். அதனால், “அப்புறம் பாத்துக்கலாமுங்க.”

தண்ணீர் ஒழுகினால் நட்டம் தோட்டக்காரருக்கு. புகை ஒழுகினால் நட்டம் உள்ளே சேறு அள்ளுகிறவருக்கு. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக அது ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். மயங்கியவரைத் தூக்க இறங்குகிறவரும் சாய்கிறார்.

பிறகு சொல்லப்படுவது, “தெரியாம நடந்துடுச்சுங்க.” தெரியாதது குற்றமா? அறியாமைக்கு ஒருவரே காரணமாக இருந்தால் அதற்கும் அவர் பொறுப்பு என்கிறார் அரிஸ்டாட்டில். இங்கே தெரிந்துகொள்வது கஷ்டமே இல்லை. கசியும் மூட்டைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். பார்க்கக் கண் போதும். பார்த்தால் வேலையை நிறுத்த வேண்டிவரும் என்பதால் பார்க்காமல் இருப்பதை அறியாமை என்று எப்படிச் சொல்வது?

மூட்டைச் சரிசெய்தால் மட்டும் தீராது. ஆள் உள்ளே இருக்கும்போது எஞ்சின் ஓடவே கூடாது. இது இறங்குகிறவருக்கும் பல நேரம் தெரியும். ஆனால் நாள்கூலிக்கு வந்தவர், “எஞ்சினை நிறுத்துங்க” என்று சொன்னால் நாளைக்கு அவரைக் கூப்பிடுவோமா? அவர் வாய் திறக்க முடியாத இடத்தில், அவருக்குத் தெரிந்திருந்தும் பயனில்லை. முதலில் அதைத்தான் சரிசெய்ய வேண்டும்.