விடுபட்ட கைகள்

குழந்தையைச் சுமக்கும் பைகளை விற்பவர்கள் எல்லோரும் ஒரே வாக்குறுதியைத்தான் தருகிறார்கள்: உங்கள் கைகள் விடுபடும். வளையம் வைத்த தோள்தூளி, உடம்போடு சுற்றிக் கட்டும் நீளத்துணி, கொக்கியும் பட்டையுமாக வரும் பை, எதை எடுத்தாலும் விளம்பரத்தில் ஒரு பெண் சிரித்தபடி இரண்டு கைகளையும் வீசி நடக்கிறாள். விடுபட்ட கைகளுக்கு அடுத்து என்ன வேலை காத்திருக்கிறது என்பதை எந்தப் படமும் காட்டுவதில்லை.

என் மகளுக்கு மூன்று மாதமானபோது வளையத் தூளி ஒன்று வாங்கினேன். என் கைகள் எங்கே போயின என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. துணி உலர்த்தின, வீடு பெருக்கின, பருவத்தேர்வு விடைத்தாள் திருத்தின. அதற்கு முன்பு, "கொஞ்சம் இருங்க, கையில குழந்தை இருக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார முடிந்தது. பெண்ணுக்கு வீட்டில் கிடைக்கும் மிகச் சில நியாயமான சாக்குகளில் அதுவும் ஒன்று. தூளி வந்ததும் அது போயிற்று.

மனிதரின் முதல் கருவி ஆயுதமாக இருந்திருக்காது, சேகரித்ததை இட்டுவைக்கும் கலமாகவோ குழந்தையைச் சுமக்கும் தூளியாகவோ இருந்திருக்கும் என்று எலிசபெத் ஃபிஷர் 1979இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். அந்தக் கருத்தை எடுத்துக்கொண்டு உர்சுலா லெ குவின் 1986இல் கதைசொல்லல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவிகளின் முகம் மலரும். ஈட்டியைவிடப் பை மூத்தது என்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தத் தூளி ஏன் தேவைப்பட்டது? கிழங்கு தோண்டவும் வேண்டும், பிள்ளையை விட்டுவிடவும் முடியாது. தூளி பிறக்கும்போதே உழைப்புக் கருவியாகத்தான் பிறந்திருக்கிறது. விடுதலை என்ற சொல் விற்பனைக்காகப் பின்னால் ஒட்டப்பட்டது.

அது யாருடைய அறிவு என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. அமெரிக்கச் செவிலியரான ஆன் மூர் 1960களில் மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோவில் தொண்டாற்றினார். அங்கே தாய்மார் குழந்தையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு நடமாடுவதைப் பார்த்தார். ஊர் திரும்பியபின் தம் தாயோடு சேர்ந்து ஒரு பை தைத்தார். 1969இல் காப்புரிமை கிடைத்தது. 'ஸ்னக்லி' என்ற பெயரில் அது பெரும் வணிகமானது. டோகோ தாய்மாரின் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. நம் ஊரில் நரிக்குறவப் பெண்களும் சாலை போடும் பெண்களும் துணியில் பிள்ளையைக் கட்டிச் சுமப்பதை நாம் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தே வளர்ந்தோம். நான் தூளியோடு தெருவில் இறங்கியபோது உறவுக்காரப் பெரியம்மா ஒருவர், "என்னடி இது, ஊசிமணி பாசிமணி விக்கப் போறியா?" என்றார். விலையைச் சொன்னதும், "நல்லா இருக்கு, எங்க வாங்கின?" என்று கேட்டார். துணி என்னவோ அதே துணிதான்.

தமிழ் படித்தவளுக்கு இங்கே ஒரு சபலம் வரும். சங்கப் பாடல்களில் ஒக்கல் என்றால் சுற்றம். ஒக்கலை என்றால் இடுப்பு; பெரியாழ்வாரின் அம்புலிப் பதிகத்தில் கண்ணன் அமர்ந்திருப்பது ஒக்கலையில்தான். இரண்டும் ஒரே வேரா என்று நான் வாதிடப் போவதில்லை. சுற்றம் இருந்த காலத்தில் பிள்ளை இடுப்புக்கு இடுப்பு மாறியது, தூளியே வேண்டியிருக்கவில்லை என்று முடித்துவிடலாம். ஆனால் அந்த இடுப்புகள் யாருடையவை? பாட்டி, சித்தி, அத்தை, எல்லோருக்கும் மேலாக அக்கா. எட்டு வயதில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நின்ற அக்காக்களை எனக்குத் தெரியும். அந்தச் சுற்றத்தை நினைத்து ஏங்க எனக்கு மனம் வரவில்லை.

என்னிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்பவள், பிள்ளை பெற்ற ஐந்தாம் மாதத்தில் தொலைபேசினாள். "மேம், எதை வாங்கலாம்? தினமும் மூணு மணி நேரம் சுமந்தா குழந்தை அழாதுன்னு சொல்றாங்க." அந்த ஆய்வு எனக்குத் தெரியும். 1986இல் மான்ட்ரியலில் நடந்தது. நாளுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் கையிலோ பையிலோ சுமக்கப்பட்ட குழந்தைகள் ஆறாவது வாரத்தில் மற்றவர்களைவிட 43 சதவீதம் குறைவாக அழுதார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதை உறுதிசெய்யவில்லை. அது நம்மிடம் வந்து சேரும்போது தாயின் அன்பை அளக்கும் படியாகிவிடுகிறது. சுமந்தது தாயாகவே இருக்க வேண்டும் என்று குழந்தையின் அழுகைக்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

தெரிந்ததைச் சொன்னேன். எதில் சுமந்தாலும் குழந்தையின் முகம் உன் கண்ணுக்குத் தெரிய வேண்டும், மோவாய் நெஞ்சில் அழுந்தக் கூடாது, மூச்சு தடைப்படும். பிறந்த முதல் நான்கு மாதங்களில் இதில் கூடுதல் கவனம் தேவை. கால்கள் நேராகத் தொங்காமல், தவளை உட்காருவதுபோல முழங்கால் உயர்ந்து விரிந்திருந்தால் இடுப்பு மூட்டுக்கு நல்லது. ஒக்கலையில் வைக்கும்போது கால் அப்படித்தான் விரிகிறது. அடுப்புப் பக்கம் போகாதே. இவை எந்தப் பைக்கும் பொருந்தும். பிறகு, "கொக்கிப் பையாக வாங்கு" என்றேன். வளையத் தூளிதான் அழகு, எனக்குப் பிடித்ததும் அதுதான். ஆனால் கொக்கிப் பையின் பட்டையை இன்னொரு உடம்புக்கு ஏற்ப ஒரு நிமிடத்தில் நீட்டிவிடலாம். ஆண்களும் கூச்சமில்லாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு மாதம் கழித்துக் கேட்டேன், பட்டை எந்த அளவில் நிற்கிறது என்று. சிரித்தாள். "என் அளவுலதான் மேம். அவருக்கும் ஒரு தடவை மாட்டினோம், போட்டோ எடுத்தோம்." மூன்றாம் இயலைத் தூளியோடு நின்றபடியே தட்டச்சு செய்வதாகவும் சொன்னாள். உட்கார்ந்தால் பிள்ளை விழித்துக்கொள்கிறதாம்.

வரும் சனிக்கிழமை பட்டையை அவர் அளவுக்கு நீட்டி, மேசைமேல் வைத்துவிட்டு, மூன்று மணி நேரம் நூலகத்துக்கு வா என்றேன்.

"கேட்டுட்டுச் சொல்றேன் மேம்" என்றாள்.