முறையீட்டின் இரு வகை

முறையீடு என்றதுமே நீதி என்று நினைத்துக்கொள்கிறோம். நியூயார்க்கில் திறன்மிகு வகுப்புகளுக்கென்று நான்கு வயதுக் குழந்தைகளைப் பரீட்சித்தார்கள். 2013-ல் பியர்ஸன் கம்பெனி மதிப்பெண் போட்டதில் பிழைகள். வயதை நாள் கணக்கில் எடுக்காமல் மாதக் கணக்கில் எடுத்தது அவற்றில் ஒன்று. சந்தேகப்பட்டுக் கேட்டவர்கள் பெற்றோர்கள். சுமார் 2,700 குழந்தைகள் கூடுதலாகத் தகுதி பெற்றார்கள். வங்கியில் இதைப் பார்த்திருக்கிறேன்: தன் வட்டிக் குறைவுக்காகச் சண்டை போடுகிறவர், அதே தவறில் நஷ்டப்பட்ட மற்றவர்களின் கணக்கையும் திருத்தவைத்துவிட்டுப் போகிறார். சுயநலம்தான், இருக்கட்டும்.

"என் பிள்ளை அந்த எண்ணுக்குள் அடங்குகிறவனில்லை" என்பது வேறு ஜாதி முறையீடு. சாட்சி, பாசம் மட்டும். அது ஜெயித்தால் அளவுகோல் ஒருவனுக்காக மட்டும் வளைகிறது, இடம் கூடுவதில்லை. மனு எழுதத் தெரியாத யாரோ ஒரு தகப்பனின் குழந்தை வெளியே நிற்கிறது. அதன் பெயர் எந்தக் கோப்பிலும் வராது, அதற்கே தெரியாது. பாசத்தை நான் பழிக்கவில்லை. அது தர்க்கத்தின் வேஷத்தில் வருவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

2021-ல் பரீட்சையைக் கைவிட்டார்கள். ஆசிரியர் சிபாரிசும் குலுக்கலும் வந்தன. சிபாரிசில் கூட்டிப் பார்க்க எண் ஏதும் இல்லை. ஆக, முதல் வகை முறையீட்டுக்கு அங்கே அநேகமாக வேலையில்லாமல் போயிற்று.