நிழல் விழாத நாள்

சித்திரை பிறக்க ஓரிரு நாள் இருக்கும்போது பள்ளி முற்றத்தில் ஒரு மீட்டர் கம்பியை நடுவேன். கொத்தனாரிடம் இரவல் வாங்கிய தூக்குக்குண்டைப் பிடித்து, கம்பி சாயாமல் நிற்கிறதா என்று பிள்ளைகளே பார்ப்பார்கள். நெல்லையில் அன்று சூரியன் உச்சிக்கு வருவது 12.20 வாக்கில். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது; நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். நிழல் விரலளவாகி, நகமளவாகி, கம்பியின் அடியில் ஒடுங்கிவிடும்.

"சார், நிழலக் காணோம்!"

*

அதே நாள் உச்சியில் சென்னையில் அதே நீளக் கம்பிக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் நிழல் இருக்கும். கோணம் சுமார் 4.4 டிகிரி. வடக்கு தெற்காக மட்டும் அளந்தால் இரண்டு ஊருக்கும் இடையே ஏறக்குறைய 485 கிலோமீட்டர். முழு வட்டத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டரை நெருங்கி வந்து நிற்கும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் போட்ட கணக்கு இது. ஒரு கம்பியும் கொஞ்சம் வெயிலும் போதும்.

*

2010 ஜனவரி 15. மாட்டுப் பொங்கல், அமாவாசை, வளைய சூரிய கிரகணம் மூன்றும் ஒரே நாளில். மதியம் வேப்ப மரத்தடி மணலில், இலை இடுக்கு வழியே விழுந்த வெளிச்சப் புள்ளிகள் எல்லாம் வளையங்களாக மாறின. ஒரு சிறுமி உள்ளங்கையை நீட்டினாள். சூரியன் அதில் மோதிரம்போல விழுந்தது. சட்டென்று கையை மூடினாள். மூடிய விரல்களின் மேலும் அது இருந்தது.

*

செங்கோட்டையில் பள்ளிப் படிப்பும், திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் பொறியியலும் முடித்தவர் நிகர் ஷாஜி. ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநராக இருந்தவர். 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பிய அந்தக் கலம், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று சூரியனைப் பார்க்கிறது. அதைத் தூக்கிச் சென்ற பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் அடுக்கில் எரிவது விகாஸ் எஞ்சின். அந்த எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி நம் மாவட்டத்து மலை. இதைச் சொல்லும்போது கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

*

ஆரம்பத்தில் நான் நிறையப் பேசினேன். நிழல் மறையும் முன்பே, அது ஏன் மறைகிறது என்று சொல்லி முடித்துவிடுவேன். பிள்ளைகள் தரையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டு நிற்கப் பழக எனக்குப் பல வருஷம் பிடித்தது.

இப்போதெல்லாம் 12.15க்கு ஓரமாக ஒதுங்கிக்கொள்கிறேன். ஒருத்தி குனிந்து கம்பியின் அடி மண்ணை விரலால் தடவிப் பார்க்கிறாள். நிமிர்ந்து வானத்தைப் பார்க்கப் போனவள், கண் கூசி, மறுபடியும் மண்ணைப் பார்க்கிறாள். ஏன் என்று கேட்பாள். அவளே கேட்கட்டும் என்று நிற்கிறேன்.