கூரையும் அமானிதமும்

தன் வீட்டுக் கூரையின் நிலையை ஒருவர் அறியாமலிருப்பது குற்றமாகுமா? அறியாமற் போய்விட்டது என்பது ஒன்று. அறிய விரும்பவில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டையே இங்கு ஆராயப் புகுகிறோம்.

கட்டடத்தின் கூரையைப் பார்வையிட்டு, அதன் பலம் இவ்வளவு, பழுது இவ்வளவு என்று எழுதிக் கொடுக்கும் பொறியாளர்கள் இந்நாளில் நம் ஊர்களிலும் கிடைக்கிறார்கள். எனினும் அவர்களை அழைப்போர் சிலரே. கட்டணம் ஒரு தடை என்பது உண்மைதான். ஆனால், மகளின் திருமணப் பந்தலுக்குத் தாராளமாகச் செலவிடுபவரும் இதற்குத் தயங்குவதைக் காண்கிறோம். அவரைத் தடுப்பது கட்டணமன்று, அச்சம். வந்தவர் ஏதேனும் சொல்லிவிட்டால் அதன் பின் சும்மா இருக்க முடியாதே என்ற அச்சம். 'தெரியாதவரை நிம்மதி' என்று அவர் இருந்துவிடுகிறார். அந்த நிம்மதி ஆகுமானதா என்பதே நம் கேள்வி.

முதலில், கூரை எவ்வாறு அழிகிறது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். நம் முன்னோர் கட்டிய மெட்ராஸ் டெரஸ் தளங்களில், தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லைக் குத்துக் கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பிட்டு, அதன்மேல் செங்கல் ஜல்லிக் காரை போட்டு, தட்டோடு பதிப்பார்கள். மேலே தட்டோட்டின் இணைப்பு விட்டால் மழைநீர் இறங்கும். உத்தரத்தின் தலைப்பு சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில்தான் ஓதமும் கறையானும் முதலில் வேலையைத் தொடங்கும். அறையில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு உத்தரம் முழுதாகவே தோன்றும்; சுவருக்குள் அது பொடியாகியிருக்கும்.

கான்கிரீட் தளத்தின் கதையும் ஏறக்குறைய இதுவே. கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் ஊடுருவி அக்காரத்தைக் குறைக்கிறது. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும், கழுவாத கடல் மணலும் இவ்வழிவை விரைவாக்குகின்றன. துரு, தான் தின்ற இரும்பைக் காட்டிலும் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த நெருக்கலால் கான்கிரீட் வெடித்துப் பாளம் பாளமாக உதிர்கிறது. இந்தியத் தர நிர்ணயத்தின் 2000ஆம் ஆண்டு விதி, கடற்காற்றுக்கு நேரே ஆளாகும் கான்கிரீட்டில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடாக்கு வேண்டும் என்கிறது. அவ்விதிக்கு முன்னரும், பின்னர் அதைப் பொருட்படுத்தாமலும் கட்டிய வீடுகள் நம் கடலோர ஊர்களில் எத்தனையோ! கறை தெரியும்போது வீட்டுக்காரர் வெள்ளையடிக்கிறார்; விரிசல் தெரியும்போது பூசி மறைக்கிறார். பெருநாளுக்கு வீடு அழகாகிவிடுகிறது. உள்ளே துரு தன் வேலையை நிறுத்துவதில்லை.

பார்வையிட வரும் அறிவுள்ளவர் என்ன செய்கிறார்? சிறு சுத்தியலால் தளத்தைத் தட்டிக் கேட்கிறார். பொள்ளல் ஒலி எழுந்தால் பூச்சும் கான்கிரீட்டும் கம்பியை விட்டுப் பிரிந்திருக்கின்றன என அறிகிறார். கேளா ஒலியலையைச் செலுத்தி உள்ளே வெடிப்புண்டா என அளக்கிறார். உடைத்த இடத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளிக்கிறார். காரம் எஞ்சியிருக்கும் பகுதி இளஞ்சிவப்பாகும், காரம் போன பகுதி நிறம் மாறாது. மொட்டை மாடியில் நீரைத் தேக்கிவைத்து ஒழுக்கைச் சோதிக்கிறார். வடிகுழாயின் வாய், தளத்தின் வாட்டம், கைப்பிடிச் சுவர், பிற்பாடு ஏற்றிவைத்த தண்ணீர்த் தொட்டி ஆகிய எல்லாவற்றையும் பார்க்கிறார். சுருங்கக் கூறின், நம் கண்ணுக்கு எட்டாததற்கு அவர் சாட்சி சொல்கிறார்.

இனி மார்க்க நூல்களின்பால் வருவோம். நம் மதரஸாக்களில் ஹனஃபீ மாணவர்கள் ஓதும் 'ஹிதாயா'வில், சாய்ந்த சுவரைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. ஒருவருடைய சுவர் பொதுவழியின் பக்கம் சாய்ந்துவிட்டது. அதை இடிக்குமாறு அவரிடம் கோரப்பட்டது. இடிக்கக்கூடிய அவகாசம் இருந்தும் அவர் இடிக்கவில்லை. பின்னர் அது விழுந்து உயிரோ பொருளோ அழிந்தால் ஈடு கடமையாகும். கோருவதற்கு, வழியில் நடக்கும் உரிமையுள்ள எவருக்கும் அதிகாரம் உண்டு, முஸ்லிமல்லாதவரும் கோரலாம். சாட்சிகளை வைத்துக்கொள்வது பிற்பாடு மறுக்காதிருப்பதற்காகவே, கோரிக்கைதான் அடிப்படை. எவரும் கோராதிருந்து சுவர் விழுந்தாலோ, அவர்மேல் ஈடு இல்லை.

ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' நூலில் வேறுவிதமாகப் பிரிக்கிறார்கள். கட்டும்போதே வழியின் பக்கம் சாய்வாகக் கட்டியவர் பொறுப்பாளி. நேராகக் கட்டிய சுவர் பிற்பாடு தானே சாய்ந்து விழுந்தால், ஏற்றம் பெற்ற கருத்தின்படி ஈடு இல்லை. இடிக்கவும் செப்பனிடவும் இயன்றிருந்தால் ஈடு உண்டு என்ற கருத்தும் கூறப்பட்டுள்ளது.

இவற்றைக் கேட்கும் சாமர்த்தியசாலி ஒருவர், "அறிவிப்பு வந்த பின்தானே பொறுப்பு! ஆகவே அறிவிப்பவர் எவரையும் வாசற்படி ஏறவிடாதிருப்பதே மேல்" என்று முடிவு கட்டக்கூடும். நாம் மறுக்க விரும்புவது இம்முடிவைத்தான்.

இமாம்கள் பேசியது காழியின் மன்றத்தில் வழங்கப்படும் ஈட்டைப் பற்றி. காழி வெளித்தோற்றத்தைக் கொண்டே தீர்ப்பளிக்க முடியும். அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையே உள்ள பொறுப்பு அத்துடன் முடிந்துவிடுவதில்லை என்பதை இமாம்களே பலவிடங்களில் பிரித்துக் காட்டியுள்ளார்கள். மேலும், கோரிக்கையை நிபந்தனையாக்கியதன் காரணத்தையும் சிந்திக்க வேண்டும். சுவர் சாய்ந்தது உடையவரின் செயலன்று. ஆதலால் சாய்ந்த மாத்திரத்தில் அவர் குற்றவாளி ஆவதில்லை. கேட்டும் அசையாதிருந்ததே வரம்பு மீறலாகிறது. அப்படியாயின், கேட்கும் நிலையே வராதபடி காதைப் பொத்திக்கொள்பவர் செய்வது என்ன? அந்த அசையாமையை முன்கூட்டியே செய்துவைக்கிறார். தூதன் வருகிறான் என்று தெரிந்து கதவைத் தாழிட்டவர், செய்தி எனக்கு எட்டவில்லை என்று சொல்ல முடியாது.

சுவருக்கும் கூரைக்கும் இன்னொரு வேறுபாடும் உண்டு. சுவரின் சாய்வைத் தெருவில் போகிறவர்கள் எல்லாரும் காண்பார்கள். அவர்களில் ஒருவரேனும் எச்சரிப்பார். கூரையின் உட்பழுதைக் காண வழிப்போக்கர் எவருமில்லை. ஆகவே உடையவர்தாம் பார்ப்பவரை அழைத்துவர வேண்டும்.

அழைக்கும் கடமை யாருக்காக? கைப்பிடி இல்லாத மாடியில் உறங்குபவரைவிட்டுப் பாதுகாப்பின் பொறுப்பு நீங்கிவிடுகிறது என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு நபிமொழி வந்துள்ளது. தன்னுயிரையே ஒருவர் அலட்சியமாக ஆபத்தில் இடக்கூடாது என்பது அதன் படிப்பினை. கூரையின் கீழ் உறங்குபவர்களோ மனைவி மக்கள், முதிய பெற்றோர், குடிக்கூலிக்கு இருப்பவர்கள். இவர்களில் எவரும் அந்த ஆபத்தைத் தேர்ந்தெடுத்தவர்களல்லர். 'ஹிதாயா'வின் அதே பகுதியில், குடியிருப்பவரிடம் சுவரை இடிக்கச் சொன்னால் அது கோரிக்கையாகாது, ஏனெனில் இடிக்கும் அதிகாரம் அவருக்கில்லை என்றும் காண்கிறோம். இதை நம் காலத்து நிலையோடு பொருத்திப் பாருங்கள். வீட்டுக்கு உடையவர் சபரில், அக்கரைச் சீமையில் இருக்கிறார். மாதந்தோறும் வாடகை வங்கிக்குப் போய்ச் சேருகிறது. கூரைக்குக் கீழே இருப்பவருக்கு அதிகாரமில்லை. அதிகாரமுள்ளவர் கூரைக்குக் கீழே இல்லை. ஒருவரிடம் ஆபத்தும் மற்றவரிடம் அதிகாரமும் இவ்வாறு பிரிந்து நிற்கும்போது, அதிகாரமுள்ளவரின் அறியாமை அடைக்கலமாகாது என்பது நம் துணிபு.

இங்கே நியாயமான தடையொன்று எழும். "பழுதென்று தெரிந்தாலும் செப்பனிட வசதியில்லாதவர் என்ன செய்வார்? அவருக்கு அறிவு வேதனையைத்தானே கூட்டும்?" இதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. எந்த ஆத்மாவின்மீதும் அதன் சக்திக்கு மேல் சுமத்தப்படுவதில்லை என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை. ஆயினும் புதுத் தளம் போடுவதற்கும் ஒன்றுமே செய்யாதிருப்பதற்கும் நடுவே பல படிகள் உண்டு. பழுதான அறையில் படுக்காதிருக்கலாம். முட்டுக் கொடுக்கலாம். தண்ணீர்த் தொட்டியை வேறிடத்துக்கு மாற்றலாம். வடிகுழாயின் அடைப்பை எடுக்கலாம். குடியிருப்பவரிடம் உள்ளதைச் சொல்லி, இருப்பதோ போவதோ அவர் முடிவுக்கு விடலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவில்லை; ஆனால் எந்த அறை பழுது என்று அறியாதவரால் இவற்றில் ஒன்றையும் செய்ய இயலாது. இதற்கும் வசதியற்றவர்க்கு மஹல்லா ஜமாஅத் உதவவேண்டும்.

அறிந்த பின்னும் அசையாதிருந்தால் என்னாகும் என்பதற்கு அண்மைக்காலமே சான்று. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், சர்ஃப்சைடு என்னும் கடலோர ஊரில், 1981இல் கட்டி முடித்த 12 மாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி 2021 ஜூன் 24 அன்று பின்னிரவில் இடிந்து விழுந்து 98 பேர் மாண்டனர். நீச்சல்குளத் தளத்தின் நீர்த்தடுப்புப் பழுதாகி, அதன் கீழுள்ள கான்கிரீட் பெருஞ்சேதம் அடைந்திருப்பதைப் பொறியாளரின் அறிக்கை 2018லேயே தெரிவித்திருந்தது. செலவைப் பகிர்ந்துகொள்வதைப் பற்றிய பேச்சிலேயே ஆண்டுகள் கழிந்தன. வங்காளதேசத்துச் சவாரில் ராணா பிளாசா கட்டடத்தில் 2013 ஏப்ரல் 23 அன்று வெடிப்புகள் காணப்பட்டன. பார்வையிட்ட பொறியாளர் அபாயம் என்றார். கீழ்த்தளத்திலிருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல்தளங்களின் தையல் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் வேலைக்கு வரவழைக்கப்பட்டனர். கட்டடம் சரிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். முன்னதில் பணக்கணக்கும் பின்னதில் ஏழைகள்மேல் கொண்ட அதிகாரமும் சாட்சியத்தை வென்றன.

உடையவரின் கடமையைப் பேசிய நாம், பார்வையிடுபவரின் கடமையையும் பேசியாக வேண்டும். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்து, உள்ளே ஈரத்தைக் கண்டு, அதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட வரலாற்றை நேயர்கள் அறிவார்கள். கூரையைப் பார்வையிடுபவர் செய்வதும் குவியலுக்குள் கையை நுழைக்கும் வேலைதான். அவர் இரு விதத்தில் தவறக்கூடும். வீட்டை விற்பவர் மனங்கோணாதிருக்க ஈரத்தை மறைக்கலாம். அல்லது தன் வேலைக்கு வழி தேடி, காய்ந்த தானியத்தை ஈரம் என்று சொல்லலாம். முன்னதை மோசடி என்று எல்லாரும் ஒப்புவர். பின்னதும் மோசடியே. இலவசமாகப் பார்த்துத் தருகிறோம் என்று வந்து, அச்சுறுத்தி, மேற்பூச்சு வேலையை விற்றுப் போகிறவர்களிடம் எச்சரிக்கை தேவை. பார்ப்பவருக்குக் கூலி கொடுப்பதே நேர்மைக்குக் காவல். விழவிருந்த சுவரை கிழ்ரு (அலை) அவர்கள் கூலியின்றி நிமிர்த்தியபோது, நீங்கள் விரும்பியிருந்தால் கூலி பெற்றிருக்கலாமே என்ற கருத்தில் மூஸா (அலை) அவர்கள் கூறினார்களல்லவா? அவ்வேலைக்குக் கூலி இழிவன்று. ஆயின், சாட்சி சொல்பவரும் செப்பனிடுபவரும் வேறு வேறு ஆளாயிருப்பது நலம்.

இது நமக்குப் புதிய ஏற்பாடுமன்று. தூனிஸ் நகரத்து இப்னுர் ராமீ (மறைவு 1334) ஒரு கொத்தனார். காழியின் பணிப்பின்படி சென்று கட்டடத் தகராறுகளைப் பார்வையிட்டு உண்மை சொல்லி வந்த அவர், கட்டடச் சட்டங்களைப் பற்றி நூலும் எழுதினார். விழும் நிலையிலுள்ள கட்டடங்களை இடிக்க உத்தரவிட்டு, வழிநடப்போரைக் காப்பதை முஹ்தஸிபின் அலுவல்களில் ஒன்றாக இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வில் எழுதியிருக்கிறார்.

இன்னொரு தப்பு வழியையும் அடைத்துவிட வேண்டும். எச்சரிக்கப்பட்ட பின் வீட்டை விற்றுவிட்டால், சுவரைப் பற்றிய ஈட்டுப் பொறுப்பு விற்றவரை விட்டு நீங்கிவிடும் என்பது ஹனஃபீ நூலின் கூற்று. அவருக்கு இனி இடிக்கும் அதிகாரமில்லை என்பது காரணம். ஆனால் அந்த வாசலில் வியாபாரச் சட்டம் காத்து நிற்கிறது. குறையை மறைத்து விற்பது ஹராம். வாங்கியவருக்குத் திருப்பித் தரும் உரிமையும் உண்டு. வெள்ளையடித்த ஓதத்தை விற்றுப் பெற்ற பணத்தைக் கொண்டு ஹஜ்ஜுக்குப் போகலாமா என்பதை அவரவர் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும்.

ஐப்பசி மழைக்கு முன்னரே ஒருமுறை கூரைகளைப் பார்வையிடச் செய்வோம். மஹல்லாக்கள் இப்பணியைப் பள்ளிவாசலிலும் குழந்தைகள் ஓதும் மதரஸாவிலும் தொடங்கட்டும். அவை வக்ஃபுச் சொத்துகள், அவற்றின் முதவல்லிகளுக்கு அறியாமை என்ற சாக்கு அறவே பொருந்தாது. பார்வையிட்டவர் எழுதிக் கொடுத்ததைப் பெட்டியில் பூட்டி வைக்காமல், கூரையின் கீழ் இருப்போர் அனைவருக்கும் படித்துக் காட்டுவோம். அறிந்ததைக் கொண்டு செயல்படும் நற்பேற்றை வல்ல நாயன் நம் எல்லாருக்கும் அருள்வானாக. ஆமீன்.