மூலனின் மனைவி

மௌனியைச் சிறுகதையின் திருமூலர் என்று புதுமைப்பித்தன் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிறகு வந்த விமர்சகர்களில் பலர், திருமூலர் என்றால் சித்தர், சித்தர் என்றால் புரியாது, ஆகவே மௌனி புரியாது என்ற அளவில் சௌகரியமாக நிறுத்திக்கொண்டார்கள். சொன்னவர் 1906இல் பிறந்தது நான் குமாஸ்தாவாக இருக்கும் கடலூரின் திருப்பாதிரிப்புலியூரில். சொல்லப்பட்டவர் 1985இல் இறந்தது சிதம்பரத்தில். இதில் இலக்கிய உண்மை எதுவுமில்லை. எனக்கு ஒரு அல்ப சந்தோஷம், அவ்வளவுதான்.

பட்டத்தின் பொருளைத் தேடிச் சேக்கிழாரிடம் போனபோது (அந்தப் புராணம் அரங்கேறியது சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் என்பது மரபு) என்னைத் தொந்தரவு செய்தது யோகி அல்ல. ஓர் இடையனின் மனைவி. சாத்தனூர் மூலன் மேய்ச்சலில் இறந்துபோகிறான். பசுக்கள் உடலைச் சுற்றிக் கதறுகின்றன. அது பொறாத யோகி தன் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலனின் உடலில் புகுகிறார். பசுக்கள் தேறிவிடுகின்றன. கணவனைத் தேடிவந்த மனைவி தொட வருகிறாள். உறவில்லை என்று தடுத்துவிடுகிறார். இரவெல்லாம் அவள் தூங்கவில்லை. மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் பார்த்து, இவர் யோகத்தில் இருக்கிறார் என்று சொல்லி அவளை அனுப்பிவிடுகிறார்கள்.

அவளுக்குக் கணவனாக நடித்திருந்தால் அது களவு. மறுத்தது நேர்மை என்று வாதிக்கலாம். ஏற்கிறேன். ஆனால் அந்த நேர்மை பசுக்களிடம் ஏன் தேவைப்படவில்லை? அவற்றுக்கு உடல் போதும், அவளுக்குப் போதாது என்று யார் தீர்மானித்தது? எங்கள் வங்கியில் தம்பதிகளின் கூட்டுக் கணக்கை 'ஈதர் ஆர் சர்வைவர்' என்று திறப்போம். இவள் எந்தக் கட்டத்தில் வருவாள்? புருஷன் போய்விட்டான், உடல் நடமாடுகிறது, மரணச் சான்றிதழ் கிடைக்காது.

மௌனியின் கஷ்டம் மொழியில் இல்லை, இங்கேதான் என்று எனக்குப் படுகிறது. 'அழியாச்சுட'ரில் வருஷங்கள் கழித்துக் கோயிலில் அவள் எதிர்ப்படும்போது, என்றோ வாக்குக் கொடுத்தவனும் இப்போது நிற்பவனும் ஒருவன்தானா? 'பிரபஞ்ச கான'த்தில் அவள் பாடிவிட்டு இறக்கிறாள். கானம் வெளியில் தங்குகிறது. மறுமை என்று மௌனி தருவது இவ்வளவே. சுவர்க்கம் இல்லை, மறுசந்திப்பு இல்லை. மிச்சம் இருக்கிறது, அதைத் தொட முடியாது.

பட்டம் கொடுத்தவரோ நேர் எதிரே நிற்கிறார். 'செல்லம்மா'ளில் பிரமநாயகம் பிள்ளை வெந்நீர் வைத்து, செத்துப்போன மனைவியைத் தானே குளிப்பாட்டுகிறார். ஈயை ஓட்டுகிறார். ஆன்மாவைப் பற்றிய விசாரம் அந்தக் கைகளுக்கு இல்லை. உள்ளே ஆள் இல்லாத உடலுக்கும் பட்ட கடன் உண்டு என்பதுபோல் வேலை நடக்கிறது. மூலனின் மனைவிக்குக் கிடைக்காதது இந்த வெந்நீர்தான்.

சேக்கிழார் யோகியைத் தொடர்ந்து திருவாவடுதுறைக்குப் போய்விடுகிறார்: மூவாயிரம் ஆண்டு, ஆண்டுக்கு ஒரு பாட்டு. அவளை அப்புறம் காணோம். மௌனி எழுதியிருக்கக்கூடிய பாத்திரம் அவள். எழுதவில்லை.