நீரைக் காத்தலும் நோன்பே

நீரை வடிகட்டிப் பருகுதல் சிராவகர் அனைவரும் அறிந்த ஒழுக்கம். இரவுண்ணாமையோடு ஒப்ப வைத்து நம் முன்னோர் இதனைப் போற்றினர். வடிகட்டியதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. துணியில் தங்கிய நுண்ணுயிர்களை, வடிகட்டிய நீரால் அலசி, எந்தக் கிணற்றிலிருந்து முகந்தோமோ அந்தக் கிணற்றிலேயே சேர்த்தல் வேண்டும் என்பது விதி. ஒரு நீர்நிலையின் உயிர் மற்றொரு நீரில் வாழாமற் போகலாம் என்னும் நுண்ணிய அருளே இவ்விதிக்குக் காரணம்.

இங்கே ஒரு வினா எழுகின்றது. அவ்வுயிர்களைத் திருப்பிச் சேர்க்கும் நீர்நிலையே நஞ்சாகிவிட்டால், நாம் காத்த நோன்பின் பயன் யாது?

இவ்வினா வெறும் கற்பனையன்று. நந்தி மலைப் பகுதியில் தோன்றி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை வழியே வந்து, திருமுக்கூடலில் செய்யாற்றோடும் வேகவதியோடும் கலந்து கடலை அடைவது பாலாறு. ஜினகாஞ்சியாகிய திருப்பருத்திக்குன்றம் அவ்வேகவதியின் கரையில்தான் உள்ளது. பாலாற்றின் கரையில் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பெருகின. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது. உப்பு, சுண்ணாம்பு, குரோமியம் முதலியன கலந்த கழிவுநீர் ஆற்றிலும் நிலத்திலும் விடப்பட்டமையால் கிணறுகள் உவர்ந்தன. தோல் தொழிற்சாலைகள் மிகுந்த பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகாததாயிற்று என்னும் கணக்கு, 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் இடம்பெற்றது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும், கேடு முற்றுமுன்னரே காத்தல் வேண்டும் என்னும் இரு கொள்கைகளும் நாட்டின் சட்டத்தில் அடங்கியவை என்று அத்தீர்ப்பு உரைத்தது. ஆயினும் 2025 ஜனவரி 30 அன்று, இழப்பீடும் ஆற்றின் மீட்பும் குறித்து அந்நீதிமன்றமே மீண்டும் ஆணையிட நேர்ந்தது. இடையே கழிந்தவை இருபத்தெட்டு ஆண்டுகள்.

“நாம் தோல் தொழில் செய்வோர் அல்லோம், இப்பாவத்தில் நமக்குப் பங்கில்லை” என்று நம்மிற் சிலர் கூறக்கூடும். செய்தல், செய்வித்தல், உடன்படல் என வினை மூவகைப்படும் என்பதை நாம் மறத்தலாகாது. “நாங்கள் உடன்படவில்லையே, அறியாமல்தானே இருந்தோம்” என்பது அடுத்த விடையாகலாம். அறிய இயலாதவனின் அறியாமை வேறு. அறிய முயலாதவனின் அறியாமை வேறு. சோர்வினால் உயிர்க்கு ஊறு நேர்வதையே தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சை என வரையறுக்கின்றது. பார்க்கக்கூடியதைப் பாராதிருத்தலும் சோர்வே ஆகும்.

முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளில் இறுதியானது உத்ஸர்க்க சமிதி. உடற்கழிவை விடுமுன்னும் அவ்விடத்தில் உயிர்கள் உளவா என நோக்கியே விடுதல் வேண்டும் என்பது அதன் கருத்து. துறந்தார்க்கே இத்துணைக் கவனம் வேண்டுமெனில், ஊர் முழுவதன் கழிவையும் ஏரியில் விடும் இல்லறத்தார்க்கு எத்துணைக் கவனம் வேண்டும்! ஆராய்ந்து நோக்குதல் அஹிம்சைக்குப் புறம்பான செயலன்று. அதன் முதற்படியே அதுதான்.

தோல் பதனிடுவோரை மட்டும் பழித்து நாம் அமைதல் தகாது. அத்தொழிலை நம்பி உண்ணும் ஏழைக் குடும்பங்கள் பல உள. கழிவைச் சுத்திகரிக்கும் பொறுப்பு முதலாளிக்கும் அரசுக்கும் உரியது. கூலியாளை இகழ்வது அறமாகாது. மேலும், நம்முள் பெரும்பாலோர் உழவுக் குடியினர். நம் வயலில் மிகையாக இடும் யூரியாவும் பூச்சிமருந்தும் மழைநீரோடு எங்கே செல்கின்றன? நம் தெருச் சாக்கடை எந்த ஏரியில் முடிகின்றது? திருவிழா முடிந்தபின் பிளாஸ்டிக் தாள்கள் எக்குளத்தில் மிதக்கின்றன? பிறர் குற்றம் காணுமுன் இவ்வினாக்களுக்கு விடை காண்பது முறை.

செய்யத்தக்கவை எளியனவே. ஆண்டுக்கு இருமுறை, பருவமழைக்கு முன்னும் பின்னும், ஊர்க் கிணற்று நீரையும் ஏரி நீரையும் ஆய்வகத்திற்கு அனுப்பலாம். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ளும், நைட்ரேட் 45 மில்லிகிராமுக்குள்ளும் இருத்தல் நன்று என்பது இந்தியத் தர அளவு. முடிவுகளை ஜினாலயத்தில் ஒரு குறிப்பேட்டில் ஆண்டுதோறும் எழுதி வருவோமாயின், கேடு தொடங்கும்போதே தெரிந்துவிடும். பாலாற்றில் போல், நிலம் பாழான பின் நீதிமன்றத்தின் வாயிலில் காத்திருக்கும் நிலை நேராது. வரத்துக் கால்வாயைத் தூர்வாருதலையும், கரையைக் காத்தலையும் இளைஞர்கள் மேற்கொள்ளலாம்.

நீரையே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டென்று உலகுக்கு உரைத்தது நம் சமயம். அவ்வுயிர்களுக்குத் துணியளவில் காட்டும் அருளை ஏரியளவிற்கும் ஆற்றளவிற்கும் விரிப்போமாக. அதுவே வடிகட்டும் நோன்பை நிறைவுறச் செய்யும்.

வளர்க அறம்!